மூவாருக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி

புதிய ஊருக்கு வரும் குடும்பத்துக்கு வீடு, வேலை, பத்திரம், பள்ளி என்று நான்கு கவலைகள். பெரும்பாலோர் இந்த வரிசையிலேயே அவற்றைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். பள்ளி கடைசிக்குப் போய்விடுகிறது. “பத்திரமெல்லாம் சரியாகட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று சொல்லிச் சொல்லியே ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதாகிவிடுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். சட்டம் இடம் கொடுக்கும் இடத்திலெல்லாம் பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, பத்திர வேலையைப் பக்கத்திலேயே நடத்துங்கள். காரணம் எளியது. பள்ளியில் சேர்ந்த பிள்ளையை ஒவ்வொரு வேலை நாளும் ஓர் ஆசிரியர் பார்க்கிறார். பிள்ளை வராவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. அம்மாவுக்கு வாசலில் நாலு பெற்றோர் பழக்கமாகிறார்கள். எந்தக் கிளினிக் நல்லது, எந்த வீடு வாடகைக்கு இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. வருகைப் பதிவேடும் மதிப்பெண் அறிக்கையும், இந்தப் பிள்ளை இந்த ஊரில்தான் வளர்ந்தது என்பதற்குப் பின்னாளில் எழுத்துச் சாட்சியாக நிற்கின்றன. பள்ளிக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் சேர்வதில்லை.

இது புதிய யோசனையும் அல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ் அகதிகளின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் இடம் கொடுத்தன. 1984இல் அகதிகளே தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்விக்குத்தான் முதலிடம் கொடுத்தது. குடியுரிமைக் கேள்வி நாற்பது ஆண்டு கடந்தும் முழுமையாகத் தீரவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் பலர் பட்டம் பெற்றார்கள். குடியுரிமை தீரட்டும் என்று அவர்களைப் பள்ளிக்கு வெளியே வைத்திருந்தால் ஒரு தலைமுறையே எழுத்தறியாமல் போயிருக்கும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே குடியேற்ற உதவியாளர் ஒருவரை உட்கார வைக்கும் திட்டம் உண்டு. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் உதவி மேசை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள மூவாரில் அப்படிச் சம்பளத்துக்கு ஒருவர் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினராகவோ, ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ, கோயில் நிர்வாகத்திலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும் உங்களுக்காகத்தான் இது எழுதப்படுகிறது.

முதல் வேலை: யார் வந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது

உதவி செய்ய வருகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு, எல்லாப் புதுக் குடும்பத்தையும் ஒரே மாதிரி நடத்துவது. மலேசியாவில் பிள்ளையின் பள்ளி உரிமை அது யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்தே அமைகிறது. 1995இல் சிறார் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோது, தொடக்கக் கல்வியை எல்லாருக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் தரவேண்டும் என்ற பிரிவை மலேசியா ஏற்காமல் ஒதுக்கி வைத்தது. ஆகவே “பிள்ளைதானே, சேர்த்துக்குவாங்க” என்று நம்பிப் போகக் கூடாது. கீழே உள்ள நான்கில் உங்கள் முன்னால் நிற்கும் குடும்பம் எது என்று முதல் சந்திப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

1. பெற்றோர், பிள்ளை எல்லாரும் குடிமக்கள். தோட்டத்திலிருந்தோ, சிகாமட், தங்காக் பக்கமிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்தோ வேலைக்காக மூவாருக்கு வந்தவர்கள்.

2. பெற்றோரில் ஒருவர் மட்டும் குடிமகன். அப்பா இங்குள்ளவர், அம்மா இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா என்று வெளிநாட்டவர். அல்லது இதற்கு மாறாக. பிள்ளைக்குக் குடியுரிமை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

3. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர். முறையான அனுமதியோடு, குடும்பத்தையும் அழைத்து வந்திருக்கிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பொறியாளர், கணினித் துறையினர் இந்த வகை.

4. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர், அனுமதி இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது, அல்லது அகதிகள். மூவாரின் தளபாடத் தொழிற்சாலைகளை ஒட்டி இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி குடும்பத்தை அழைத்து வர இடம் தருவதில்லை. அதனால்தான் அவர்கள் பிள்ளைகள் பெரும்பாலும் பத்திரமில்லாமல் வளர்கிறார்கள்.

முதல் வகைக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. 2003 முதல் ஆறாண்டு தொடக்கக் கல்வி குடிமக்களுக்குக் கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பள்ளி மாற்றமும் முதலாம் ஆண்டுப் பதிவும் கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாகவே நடக்கின்றன. பெற்றோருக்குக் கணினிப் பழக்கம் இல்லையென்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். கடவுச்சொல்லை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பழைய பள்ளிக்குச் சொல்லாமல் குடும்பம் ஊர் மாறி வந்திருந்தால் பிள்ளையின் பெயர் அங்கேயே நிற்கும். புதுப் பள்ளியில் இழுபறி வருவது பெரும்பாலும் இதனால்தான். பழைய தலைமையாசிரியருக்கு ஒரு போன் அடித்துப் பேசினால் தீர்ந்துவிடும்.

நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை

இரண்டாம் வகைக்கு நேரம் ஒதுக்குங்கள். உங்கள் உதவி மிக அதிகம் பலன் தரும் இடம் இது. நம் சமூகத்தில் மிக அதிகமாக மூடி மறைக்கப்படும் இடமும் இதுவே. வேர் பெரும்பாலும் பதிவாகாத கல்யாணத்தில் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் சட்டப்படி பதிவானால்தான் செல்லும். கோயிலில் தாலி கட்டி, ஊரையே கூட்டி விருந்து வைத்திருந்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் அல்ல. அப்படிப் பதிவாகாத நிலையில் பிள்ளை பிறந்தால், குடியுரிமையில் அது தாயைத் தொடர்கிறது. அப்பா ஐந்து தலைமுறையாக ஜொகூரில் இருந்தவராக இருக்கலாம். அம்மா வெளிநாட்டவரென்றால் பிள்ளை குடிமகன் ஆகாது. பிறகு ஓடிப்போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது. இதைக் குடும்பத்துக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கையில் இரண்டு வருடம் கழிவதைவிட உண்மை தெரிந்து வேலையைத் தொடங்குவது மேல்.

இனி நல்ல செய்தி. பெற்றோரில் ஒருவராவது மலேசியர் என்றால், பிள்ளைக்கு ஆவணம் முழுமையாக இல்லாவிட்டாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க வழி இருக்கிறது. 2019 ஜனவரி முதல் இந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது: பிள்ளை முதலில் வகுப்பில் சேரலாம், ஆவணங்களைத் தேடிக்கொள்ளப் பெற்றோருக்குக் கால அவகாசம் உண்டு. இது தெரியாமல் பள்ளி அலுவலகத்தில் “பிறப்புப் பத்திரம் இல்லையா, முடியாது” என்ற ஒற்றை வரியைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். முடியாது என்று சொன்ன எழுத்தரோடு சண்டை போட வேண்டாம். முடிவெடுக்கும் இடம் மாவட்டக் கல்வி இலாகா. மூவாரில் எல்லாரும் ‘பிபிடி’ என்று சொல்லும் அலுவலகம். அங்கே போவதற்கு முன் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. கையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். மலேசியப் பெற்றோரின் அடையாள அட்டை, மற்றவரின் கடப்பிதழ் (காலாவதியானதும்தான்), மருத்துவமனையின் பிறப்புக் குறிப்பு, தாய் சேய் நலப் புத்தகம், தடுப்பூசி அட்டை. பிள்ளை சுல்தானா பாத்திமா மருத்துவமனையில் பிறந்திருந்தால் அங்குள்ள பதிவைக் கேட்டுப் பெற முடியுமா என்று பாருங்கள்.

2. பிறப்புப் பத்திரம் இருந்தால் அதில் ‘குடியுரிமைத் தகுதி’ என்று மலாயில் அச்சிட்ட வரியைப் படியுங்கள். பலர் பத்திரம் இருப்பதையே குடியுரிமை என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் அதிர்ச்சி அடைகிறார்கள். ‘குடிமகன் அல்ல’ என்றோ ‘இன்னும் தீர்மானிக்கப்படவில்லை’ என்றோ அந்த வரியில் இருந்தால் இன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.

3. எல்லாப் பத்திரத்திலும் பெயரின் எழுத்துக்கூட்டலை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ஒற்றை ‘எச்’, மற்றொன்றில் அதுவே இல்லை. ஒன்றில் ‘ஏ/எல்’ போட்டு அப்பா பெயர், மற்றொன்றில் தலைப்பெழுத்து மட்டும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். வேறுபாடு இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

4. பிறப்பே பதிவாகவில்லை என்றால் தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். சாட்சிகள் கேட்பார்கள், மரபணுச் சோதனையும் கேட்கப்படலாம். பிரசவம் பார்த்தவர், அப்போது பக்கத்து வீட்டில் இருந்தவர் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

5. பிறகு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் பெற்றோரோடு போங்கள். பெற்றோரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கொடுத்த ஒவ்வொரு பாரத்தின் நகலிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

குறிப்பு: ‘ஜேபிஎன்’ என்று ஒருவர் சொன்னால் எந்த ஜேபிஎன் என்று கேளுங்கள். தேசியப் பதிவு இலாகாவுக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் மலாயில் ஒரே சுருக்கம்தான். ஒன்று பிறப்பு, அடையாள அட்டை விவகாரம். மற்றொன்று பள்ளி விவகாரம், தலைமையகம் ஜொகூர் பாருவில். தவறாகப் புரிந்துகொண்டு ஜொகூர் பாரு வரை போய்த் திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த பிறகும் குடியுரிமை விண்ணப்பம் நிற்கக் கூடாது. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் உள்ள பிள்ளைக்கு அரசாங்கம் குடியுரிமை வழங்க இடம் தருகிறது. இதற்கு 21 வயது என்றிருந்த வரம்பை 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை ஏற்றது. ஆகவே இன்னும் காலம் இருக்கிறது என்ற நினைப்பு ஆபத்தானது. முடிவு வர ஆண்டுகள் ஆகலாம். நிராகரிப்புக் கடிதம் காரணம் சொல்லாமலும் வரலாம். மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள். இந்தக் கட்டத்தில் தனியாகப் போராட வேண்டாம். தீபகற்பத்தில் நாடற்ற நிலையில் இருக்கும் இந்தியர்களுக்காகப் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ‘டிரா மலேசியா’ போன்ற அமைப்புகளிடம் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் கோப்பைப் பார்த்ததும் என்ன குறைகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

மற்ற இரண்டு வகை

மூன்றாம் வகைக் குடும்பம் முதலில் குடிநுழைவு இலாகாவில் பிள்ளைக்கான அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு அரசுப் பள்ளியில் இடம் கேட்டுக் கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டும். அனுமதிக் கடிதம் கையில் வரும் முன் சீருடை வாங்க வேண்டாம். கட்டணச் சட்டம் 1951இன்படி குடிமக்கள் அல்லாத மாணவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு: ஆரம்பப்பள்ளிக்கு 120 ரிங்கிட், இடைநிலைப்பள்ளிக்கு 240 ரிங்கிட். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டி இங்குள்ள அட்டவணையோடு ஒப்பிடச் சொல்வதும் அவசியம். ஏழு வயதில் பள்ளியிலேயே ஊசி போடுவார்கள். ஒரே ஊசி இரண்டு முறை போடப்படாமல் இது காக்கும்.

நான்காம் வகைக்கு அரசுப் பள்ளிக் கதவு இன்று மூடியிருக்கிறது. இதை மழுப்பக் கூடாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருக்கும் பிள்ளையும் அரசுப் பள்ளியில் சேர முடியாது. அவர்களுக்கு இருப்பது அகதிச் சமூகங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் கற்றல் மையங்கள்தான். பக்கத்தில் எங்கே மையம் இருக்கிறது என்று கோலாலம்பூரில் உள்ள ஆணைய அலுவலகத்திடம் கேட்டுச் சொல்வது, வாசிக்கப் புத்தகம் கொடுப்பது, வாரத்தில் சில மணி நேரம் மலாயும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது ஆகியவையே உங்களால் ஆகக்கூடியவை. இந்தப் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று கேட்பது நியாயம். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பள்ளியில் பொய்ப் பெயரில், வேறொருவர் பத்திரத்தில் சேர்த்துவிடுவது உதவியே அல்ல. கண்டுபிடிக்கப்படும் நாளில் பிள்ளையும் போகும், சேர்த்துவிட்டவரும் போவார்.

எந்தப் பள்ளி?

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு, தொடக்க வயதென்றால், தமிழ்ப்பள்ளியே நல்ல நுழைவாயில் என்பது என் கருத்து. ஊருக்குள்ளேயே ஜாலான் காலிடி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பிள்ளைக்கு அறிவியலும் கணக்கும் தெரிந்த மொழியிலேயே தொடரும். மலாய் மட்டும் புதிது. ஒரு பாடம் புதிது என்பதும் எல்லாப் பாடமும் புரியாத மொழியில் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலையில் தள்ளப்பட்ட பிள்ளை புத்திசாலியாக இருந்தாலும் மந்தமாகத் தெரியும். ஆசிரியர் அப்படி நினைத்துவிட்டால் பிள்ளையும் அப்படியே நினைக்கத் தொடங்கும். பெற்றோர் பக்கமிருந்தும் பாருங்கள். ஆசிரியரோடு தமிழில் பேச முடிகிற அம்மா கூட்டத்துக்கு வருவார். பேச முடியாதவர் வாசலோடு நின்றுவிடுவார்.

“தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய் பலவீனமாகும், இடைநிலைப்பள்ளியில் திணறும்” என்பது வழக்கமான எதிர்வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. மலாய் மொழியில் தேவையான தேர்ச்சி இல்லாத மாணவர் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேரிடும். இடைநிலைப்பள்ளி முடிவில் பெறும் எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆனால் இதற்கு மருந்து பள்ளியை மாற்றுவது அல்ல, மலாயை முதல் நாளிலிருந்தே கூடுதலாகக் கொடுப்பது. புகுமுக வகுப்பும் தண்டனை இல்லை. பன்னிரண்டு வயதில் வந்திறங்கிய பிள்ளைக்கு அந்த ஓராண்டு உண்மையில் தேவை. வீட்டில் தமிழ் இல்லாத கலப்புக் குடும்பத்துப் பிள்ளைக்கு நிலைமை வேறு. மலாய் பேசி வளர்ந்திருந்தால் தேசியப் பள்ளியே இயல்பான இடம். அங்கே 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழைத் தாய்மொழிப் பாடமாக வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பதினைந்து பேரைச் சேர்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. 150 பேருக்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற பட்டியலில் சேர்கிறது. பள்ளியைக் காக்கும் கவலையில் எந்தப் பிள்ளை கிடைத்தாலும் இழுத்துப் போடும் ஆசை வரும். அந்தக் கவலை எனக்கும் உண்டு. இருந்தாலும் பிள்ளையின் வீட்டு மொழி, வயது, வீட்டிலிருந்து தூரம், பஸ் செலவு இவற்றைப் பார்த்தே முடிவெடுங்கள். எண்ணிக்கைக்காகச் சேர்த்த பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிட்டால் பள்ளிக்கும் நட்டம், பிள்ளைக்கும் நட்டம்.

முதல் மாதம்

சேர்த்தாகிவிட்டது என்று ஒதுங்கிவிடுவதில்தான் பெரும்பாலான நல்ல முயற்சிகள் வீணாகின்றன. முதல் நான்கு வாரம் பிள்ளை தினமும் பள்ளிக்குப் போவதை உறுதி செய்வதுதான் உங்கள் ஒரே இலக்கு. மதிப்பெண் பிறகு.

1. பள்ளி தொடங்கும் முன் ஒரு நாள் பிள்ளையையும் அம்மாவையும் பள்ளிக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுங்கள். வகுப்பு, கழிவறை, சிற்றுண்டிச்சாலை, பஸ் நிற்கும் இடம். பள்ளி காலை ஏழரை மணி வாக்கில் தொடங்கிவிடும். ஒன்பது மணிப் பள்ளிக்குப் பழகிய தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதுவே பெரிய மாற்றம். தூக்க நேரத்தை ஒரு வாரம் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

2. ஐந்தாறு மலாய் வாக்கியங்களை வாய்ப்பாடமாக்குங்கள். அதில் முதலாவது, கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது: “சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?” இதைக் கேட்கத் தெரியாமல் அடக்கி வைத்திருந்து, வகுப்பில் நனைத்துவிட்ட பிள்ளை மறுநாள் வராது. அடுத்து, “எனக்குப் புரியவில்லை”, “எனக்கு வயிறு வலிக்கிறது”, “அவன் என்னை அடிக்கிறான்”.

3. அதே வகுப்பில், அதே பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளையைத் துணையாக ஏற்பாடு செய்யுமாறு வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே புதுப் பிள்ளையின் முதல் வாரக் கவலை.

4. இரண்டாவது வார முடிவில் வகுப்பாசிரியரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: தினமும் வருகிறதா, சாப்பிடுகிறதா, யாரோடாவது பேசுகிறதா.

குறிப்பு: காலணி கறுப்பு. 2021 முதல் வெள்ளைக் காலணி இல்லை. இரக்கத்தோடு பழைய வெள்ளைக் காலணிகளைச் சேகரித்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளை முதல் நாளே தனித்துத் தெரியும். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. பழைய வெள்ளி, சனிக் கணக்கை யாராவது சொல்லிக் குழப்பிவிட வேண்டாம்.

உதவித் திட்டங்களைப் பொறுத்தவரை, ஏழை மாணவர்களுக்கான இலவச உணவுத் திட்டம், பாடநூல் இரவல், 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி என்று பல உண்டு. பெரும்பாலும் இவை குடிமக்களுக்கானவை. உங்கள் பிள்ளை தகுதி பெறாவிட்டால் அதைப் பிள்ளைக்கு எதிரில் பேசாமல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ பள்ளி வாரியத்திடமோ தனியாகக் கேளுங்கள். வகுப்பில் எல்லாரும் தட்டு வாங்கும்போது ஒரு பிள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரும் நிலை வரக் கூடாது. பயிற்சி நூலுக்கு, போன வருடம் முடித்த பிள்ளைகளின் நூல்களை அழித்துக் கொடுப்பதைவிட, புதிய நூல் ஒன்றை வாங்கிக் கொடுப்பது நல்லது.

எதிர்ப்புகளுக்குப் பதில்

இந்த வேலையைத் தொடங்கியதும் உங்கள் ஆட்களே மூன்று கேள்வி கேட்பார்கள். முதலாவது, “பத்திரம் இல்லாதவனுக்கு உதவினால் சட்டத்தை மீறுவதை ஊக்குவிப்பதாகாதா?” கல்யாணத்தைப் பதியாதது பெற்றோரின் பிழை, அதற்காகப் பிள்ளையை எழுத்தறியாமல் வைத்தால் அந்தப் பிழை திருந்தப் போவதில்லை. பள்ளியில் சேர்ந்த குடும்பம்தான் அரசாங்கக் கண்ணில் படுகிறது, அலுவலகம் போகிறது, பாரம் நிரப்புகிறது. ஒதுக்கப்பட்ட குடும்பம் இன்னும் ஒளிந்துகொள்கிறது. அதன் அடுத்த தலைமுறையும் பதிவில்லாமல் பிறக்கிறது. சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவரே பள்ளியை ஆதரிக்க வேண்டும்.

இரண்டாவது, “நம் ஏழைப் பிள்ளைகளே இருக்கும்போது வெளியாருக்கு எதற்கு?” இதை நான் அலட்சியப்படுத்தவில்லை. தோட்டம் மூடி ஊருக்கு வந்த குடும்பங்களின் தேவை பெரியது. ஆனால் மேலே சொன்ன உதவிகளில் பணம் செலவாகும் பகுதி மிகச் சிறியது. அலுவலகத்துக்கு உடன் போவது, பாரம் நிரப்புவது, ஆசிரியரைக் கேட்பது எல்லாம் நேரம்தான். இந்த வேலையைச் செய்யப் பழகிய குழு முதல் வகைக் குடும்பத்துக்கும் அதையே செய்கிறது. பதிவாகாத கல்யாணத்தின் பிள்ளை ‘வெளியார்’ என்பதும் சரியல்ல. அப்பாவின் பெயரைச் சொன்னால் கோயிலில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

மூன்றாவது ஆசிரியர்களிடமிருந்து வரும்: “நாங்கள் பாடம் நடத்தவா, குடும்பத்தைக் குடியேற்றவா?” நியாயமான கேள்வி. ஆசிரியரின் தலையில் இதையும் ஏற்றக் கூடாது என்பதால்தான் உங்களைப் போன்ற ஒருவர் வேண்டியிருக்கிறது. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது மாதத்துக்குச் சில நிமிடப் பேச்சு. மற்றதெல்லாம் வெளியே நடக்கட்டும். பிள்ளைக்கு மன அழுத்தம் தெரிந்தால் ஆலோசக ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

அனுமதியில்லாத பெற்றோரை ஆலோசனை பெறாமல் எந்த அரசாங்க அலுவலகத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு பிறப்பைப் பதியப் போய் அம்மா கைதாகும் அபாயம் உண்டு. முதலில் சட்ட உதவி தரும் வழக்கறிஞரிடமோ தொண்டு நிறுவனத்திடமோ கேளுங்கள். மலேசியரான பெற்றோர் மட்டும் போனால் போதுமா என்பதே பல நேரங்களில் கேட்க வேண்டிய கேள்வி. உங்களைப் பற்றியும் யோசியுங்கள்: அனுமதியில்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குடிநுழைவுச் சட்டம் 1959/63இன்படி கடுமையான குற்றம். தகவல் சொல்வதும் பாடம் சொல்லித் தருவதும் ஒன்று. வீட்டில் தங்க வைப்பது வேறு.

மூலப் பத்திரம் எதையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும். பிறப்புப் பத்திரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் “யாராவது உதவுங்கள்” என்று போடவே கூடாது. அந்தப் படம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்தால் அடையாள அட்டை எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டிடம் குடும்பம் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமையை விற்க யாருக்கும் அதிகாரம் இல்லை. போலி அட்டை கையில் வந்தால், உண்மையான விண்ணப்பமும் அதோடு கெடும். பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிப் போவதைத் தவிருங்கள். பெற்றோரோ இன்னொரு பெரியவரோ உடன் இருக்கட்டும். சீருடை வழங்கும் விழாவில் பிள்ளையை மேடையேற்றிப் படமெடுக்க வேண்டாம். இரண்டாவது வகைப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் பள்ளி முழுக்கத் தெரியும் அடையாளமாகிவிடும்.

ஆண்டு முடிவில் சரிபார்க்க வேண்டியவை

1. விண்ணப்ப எண், கொடுத்த தேதி, அடுத்து போக வேண்டிய நாள் மூன்றும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா? பெற்றோருக்கு அதை வாசித்துச் சொல்லத் தெரிகிறதா?

2. கடப்பிதழ், அனுமதி, தற்காலிகக் கடிதம் எதுவும் அடுத்த ஆறு மாதத்தில் காலாவதியாகிறதா?

3. இந்த ஆண்டின் வருகைப் பதிவுக்கும் மதிப்பெண் அறிக்கைக்கும் பள்ளி முத்திரையோடு நகல் வாங்கியாயிற்றா?

4. வீட்டில் அடுத்த பிள்ளை வரப்போகிறதா? கல்யாணம் இன்னும் பதியப்படவில்லையென்றால், பிறப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள். அம்மா வெளிநாட்டவர் என்றால் தேவைப்படும் தூதரகக் கடிதத்துக்கு நேரம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

5. நீங்கள் ஊர் மாறினால் யார் தொடர்வார்கள்? அவரைக் குடும்பத்துக்கும் வகுப்பாசிரியருக்கும் நேரில் அறிமுகப்படுத்திவிட்டு, உங்களிடமுள்ள நகல்களைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.